தோட்டத்து மண்ணில் இரண்டாவது கோடு

தோட்டத்து மண்ணுக்கு இரண்டாவது கோடு விழக்கூடாது. விழுந்திருந்தது.

பூர்ணா சோதனைப் பட்டையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெளியே மூன்றாவது நாளாக விடாத மழை. ஆய்வுக்கூடத்துப் பழைய ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, அலமாரி இடுக்கிலிருந்தெல்லாம் ஈரமண் வாசனை வந்தது. ஒரு மாதமாக வயல் வயலாக மண்ணைச் சோதித்த அலுப்பில், கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

மண்ணில் அவள் தேடுவது ஒரு கிருமியை. அதில் இரண்டு இனம். ஒன்று சாது. மற்றது நுரையீரலில் புகுந்தால் ஆளை முடித்துவிடும். பட்டையில் கிருமியைப் பிடிக்கும் பழைய ஆன்டிபாடிக்கு இரண்டும் ஒன்றுதான்; நேற்று வந்த புதியது, கொல்லும் இனத்தைக் கண்டால் மட்டும் இரண்டாவது கோடு போடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சாது இனம் வேண்டுமே? சைனிக்புரியில் இருக்கும் தன் வீட்டுத் தோட்டத்து மண்ணிலிருந்துதான் நான்கு வருடமாக அவள் அதை வளர்த்து வந்தாள். அது சாது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், அதுதான் அத்தாட்சி.

சுத்தமான நீரை விட்டாள். ஒரே கோடு. மறுபடி தோட்டத்துக் கரைசல். சிவப்பாக இரண்டு.

கணவனுக்கு போன் போட்டாள்.

"முரளி, நீலா எங்க?"

"தோட்டத்துலதான். மழைல ஒரே ஆட்டம். இருமல் மட்டும் இன்னும் விடல."

"உடனே உள்ள தூக்கிட்டு வா. மண்ணைத் தொடவே விடாத!"

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? மூணு வயசுப் பிள்ளை, விளையாடட்டுமே..."

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். பிஸி.

ஆட்டோவிலும் அதே வாசனை. கையை முகர்ந்தாள். அதிலும். சிக்னலில் நின்ற பத்து நிமிடத்தில் வேண்டாத தெய்வமில்லை.

கேட் திறந்து கிடந்தது. வராந்தாவில் முரளி யாருடனோ போனில் பேசியபடி கையை ஆட்டினான்.

கறிவேப்பிலை மரத்தடி. குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. இருமவில்லை. மென்றுகொண்டிருந்தது.

"நீலா."

திரும்பியது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

விரலால் வாயைத் திறந்தாள். பல் தெரியவில்லை. நாக்கு தெரியவில்லை. மண். தொண்டை வரைக்கும் கறுப்பு மண். அந்த மண் மூச்சு விடுவதுபோல் மெல்ல மேலே எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது.