விழுந்து கிடப்பவை

கதவுக்குப் பின்னால் கிடந்த துடைப்பத்தின் பிடியில் ஒரு நீலக் கோடு இருந்தது. விரல் அகலக் கோடு. பிடியின் தடித்த முனையில், குறுக்காக, ஒரே இழுப்பில் போட்டது. அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இப்படிக் கோடு போடுவது அவளுடைய வேலைதான். ஆனால் அதெல்லாம் மலைமேல், விழுந்த மரங்களில். வீட்டுத் துடைப்பத்தில் கோடு போட அவளுக்கு என்ன பைத்தியமா?

"என்னங்க, பெயிண்டை ஏதாச்சும் தொட்டீங்களா?"

"ஆமா. எந்திரிச்சு, ஷெட்டைத் திறந்து, டப்பாவைத் தூக்கிட்டு வந்து, அப்படியே ஒரு டான்ஸும் ஆடிட்டு வந்து படுத்தேன்," என்றான் கட்டிலில் கிடந்த கணவன்.

போன மழைக்காலத்தில் ஒரு கட்டை உருண்டு இடுப்பில் ஏறியதிலிருந்து அவனுக்குக் கட்டில்தான் உலகம். வாய் மட்டும் முன்னைவிட நீளம். நரம்பு முழுசாக அறுந்துபோகவில்லை, பொறுத்திருந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் மலையேறினாள், இறங்கினாள், அவனைத் துடைத்தாள், புரட்டிப் போட்டாள், கால்களைப் பிடித்துவிட்டாள். அவன் மறுபடி நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

கம்பெனிக்காரர்கள் நல்ல மரத்தை வெட்டிக்கொண்டு இறங்கிய பிறகு, மலையில் மிச்சம் கிடப்பதை எடுப்பது அவள் சேர்ந்திருந்த ஊர்ச் சங்கத்தின் தொழில். கழித்துப் போட்ட கிளைகள், உச்சித் துண்டுகள், காற்றில் சாய்ந்தவை. நிற்பதைத் தொடக் கூடாது. கிடப்பதையும் மொத்தமாக வாரிவிடக் கூடாது; மூன்றுக்கு ஒன்று காட்டுக்கே என்று விட்டுவிட வேண்டும், அது மட்கி மண்ணாகட்டும். முன்னால் போகிற அவள் ஒவ்வொரு கட்டையையும் கோடாரியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். பொந்துச் சத்தம் வந்தால் உள்ளே ஏதோ குடியிருக்கிறது என்று தாண்டிப் போவாள். கெட்டியான சத்தம் வந்தால் அடிப்பக்கத்தில் நீலக் கோடு. பின்னால் வரும் அறுப்புக்காரன் கோட்டை மட்டும் பார்த்து மெஷினை வைப்பான். சாய்ந்த மரமாக இருந்தால் வேர்ப்பக்கம் வரை நடந்து போய்ப் பார்க்காமல் கோடு போடக் கூடாது என்பதும் உண்டு. ஏனென்றால் சாய்ந்த மரமெல்லாம் செத்த மரமில்லை. ஒரு வேர் மண்ணில் இருந்தால் போதும், படுத்தபடியே துளிர்க்கும். அதை நிற்கிற மரமாகத்தான் சேர்க்க வேண்டும்.

போன வாரம் பனிமூட்டத்தில் அவள் வேர்ப்பக்கம் போகவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், நேரமாகிவிட்டது, வீட்டில் அவன் ஈரத்தில் கிடப்பான். தட்டினாள், கோடு போட்டாள். அறுப்புக்காரனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். பேச்சை நிறுத்த பட்டனே கிடையாது. அன்று மெஷின் பாதி இறங்கியதும் ரேடியோ நின்றுவிட்டான். வெட்டிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் பூட்ஸை நனைத்தது.

"அக்கா, இது உசுரோட இருக்கு. அந்தப் பக்கம் பாருங்க, தளிரு."

"பாதி அறுத்தாச்சுல்ல? முடிச்சு ஏத்து," என்றாள் அவள்.

கோடு விழுந்த மறுநாளே துடைப்பத்தைக் காணவில்லை. சரி, எங்கேயாவது வைத்திருப்போம் என்று இருந்தாள். அடுத்து, தரையில் கிடந்த குடையின் பிடியில் கோடு. அதுவும் போயிற்று. அடுப்பருகே குவிந்து கிடந்த விறகில் பெரும்பாதி போயிற்று. சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த கடப்பாரையை எதுவும் தொடவில்லை. நிற்க வைத்த ஏணி அப்படியே இருந்தது. பெயிண்ட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பிரஷ் காய்ந்து விறைத்துக் கிடந்தது. கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வான். கேலி செய்யாவிட்டால் அதைவிட மோசம்.

பிறகு நாய். வாசலில் சுருண்டு படுத்திருந்த அதன் பின்னங்கால் பாதத்தில் நீலம். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். நாய்தான் கத்தியது, நீலம் போகவில்லை. மத்தியானம் பனி இறங்கி ஏறியபோது நாய் இல்லை, சங்கிலி மட்டும் நீண்டு கிடந்தது. கழுத்துப் பட்டை பூட்டியபடியே இருந்தது.

அன்றிலிருந்து அவள் படுக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றபடி கண்ணை மூடுவாள், முழங்கால் மடங்கும்போது விழித்துக்கொள்வாள். அவனுக்கு முதுகில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தாள். மனுஷனை ஒன்றும் செய்யாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை.

இன்று காலையிலிருந்தே பனி. ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்ததாகவே தெரியவில்லை. எல்லோரும் மலைமேல் வேலைக்குப் போயிருந்தார்கள், சங்கத்து லாரியும் கீழே ஊருக்குப் போயிருந்தது. ஈரத் துணி வாசனையும் பாசி வாசனையும் கலந்து வீட்டுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. அவனைத் தனியே விட மனமில்லாமல் அவள் மட்டும் மலைக்குப் போகாமல் சமையலறையில் இருந்தாள். அப்போது கேட்டது.

டக். டக்.

மரத்தில் விழுந்த சத்தம். கட்டில் காலாக இருக்கலாம். மறுபடி இரண்டு தட்டு. இந்த முறை சத்தம் மெத்தென்று இருந்தது, மரத்தில் விழுந்த மாதிரி இல்லை.

"ஏய், இங்க வா! சீக்கிரம் வா!" அவன் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்கியது. "முழங்காலுக்குக் கீழ ஏதோ தட்டுச்சு! எனக்குத் தெரிஞ்சுதும்மா! ரெண்டு தடவை தெரிஞ்சுது!"

இத்தனை மாதம் இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஓடி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். வலது உள்ளங்காலில் நீலக் கோடு, இன்னும் ஈரமாக.

"ஏன் அழற? நல்ல விஷயம்தானே?"

"ஆமாங்க. நல்ல விஷயம்தான். இதோ வந்துடறேன்."

அவனை ஒருத்தியாகத் தூக்க முடியாது. அந்த மரத்தை அறுத்த நாளிலிருந்தே ரேடியோவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. மேட்டில் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தான். தடவித் தடவி ஏறினாள். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டாள். அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. கட்டிலில் அவன் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. பள்ளம் நிறைய ஈர மரத்தூள். புதிதாக அறுத்த வாசனை. கட்டிலிலிருந்து தரையில், வாசலில், மண்ணில் ஒரு தடம் போயிற்று. கட்டையைக் கயிறு கட்டி இழுத்தால் புல் எப்படி அழுந்துமோ அப்படி. அவர்கள் எப்போதும் கீழே லாரிக்குத்தான் இழுப்பார்கள். இந்தத் தடம் மேலே போயிற்று.

ஓடினாள். விழக் கூடாது, விழக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

வீட்டில் கணவன் கட்டிலில்தான் இருந்தான். ஷெட்டிலிருந்து இழுப்புக் கயிற்றையும், இழுக்கிறவர்கள் இடுப்பில் போடும் அகலமான பெல்ட்டையும் கொண்டு வந்தாள். வீட்டு நடுவில் கூரையைத் தாங்கும் தூண் இருந்தது. அவன் கக்கத்தில் கைகொடுத்து, தோளில் சாய்த்து, இழுத்தாள். அவன் அலறினான்.

"கொல்லப் பாக்கறியா? விடு! படுக்க வை!"

"படுக்கக் கூடாதுங்க. நில்லுங்க. என் மேல சத்தியம், கொஞ்ச நேரம் நில்லுங்க."

"டாக்டர் சொன்னாரா?"

"ஆமா. டாக்டர்தான் சொன்னாரு."

ஜன்னலைப் பார்க்க நிறுத்தி, அவன் நெஞ்சைத் தூணோடு சேர்த்து பெல்ட்டைப் போட்டாள். இடுப்பில் கயிறு, தொடையில் கயிறு. மலையில் போடும் முடிச்சையே போட்டாள்; பாரம் இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. கட்டப்பட்டவன் கைக்கு எட்டாது. பிறகு அவன் முதுகுக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்து நின்றாள்.

பனி உள்ளே வந்தது.

கதவருகே டக் டக். கட்டில் சட்டத்தில் டக் டக். தலையணையில். தரையில். அவளைச் சுற்றி. தூணில். அவன் உடம்பு ஒரு முறை அதிர்ந்தது.

தட்டு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. நிற்கிறவனைத் தொடவில்லை. வாசலில் ஏதோ கனமாகத் திரும்பியது. பாசி வாசனை விலகியது. ஜன்னலில் தெருவின் எதிர்ச்சுவர் மங்கலாகத் தெரிந்தது.

போய்விட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முழங்கால் மடங்கியது. ஒரு நிமிடம், உட்கார மட்டும்தான். அவன் காலில் தலையைச் சாய்த்தாள். எத்தனை நாளாகிவிட்டது.

கன்னத்தில் தரையின் சில்லிப்பு பட்டபோதுதான் விழித்தாள்.

உள்ளங்காலில் குளிர்ச்சி. ஈரம். ஒரே இழுப்பு.

எழ வேண்டும். கையை ஊன்ற வேண்டும். நெற்றியில் டக். டக். கெட்டியான சத்தம். அது தன் தலைதான் என்று அவளுக்குப் புரிந்தது. கை அசையவில்லை. விரல் அசையவில்லை. கத்தினாள். வாய் திறக்கவில்லை.

கணுக்காலில் கயிறு இறுகியது.

"ஏம்மா," என்றான் அவன், தூணைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. "கால் ஊன்றுதும்மா. நெஜமாத்தான் சொல்றேன், பாதத்துல தரை தெரியுது. பாரேன், நான் நிக்கிறேன்."

தரை அவளுக்கு அடியில் நகர்ந்தது. கட்டில் போயிற்று. வாசற்படி முதுகில் தட்டியது, போயிற்று. ஈரப் புல். மேடு.

திறந்த கதவுக்குள் அவன் முதுகு தெரிந்தது. நேராக நின்றிருந்தது.

"போதும்மா," என்றான் அவன். "இப்ப அவுத்து விடு."