பின்னறைக் கதவு

"அக்கா, இந்தக் கதவுக்கு நேத்தே பட்டி வெச்சுத் தேய்ச்சுட்டேனே. யாரு சுரண்டினது?"

பெயிண்டர் பின்னறைக் கதவின் உட்பக்கத்தைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் பட்டி உதிர்ந்து, பழைய கீறல்கள் மறுபடி தெரிந்தன. தரையில் வெள்ளைத் தூள்.

"எலியா இருக்கும்," என்றாள் அவள்.

பழைய கீறல்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். புதிதாகச் சுரண்டியது யார் என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். "பெரிசா ஒண்ணும் இழுத்து விட்டுக்காதக்கா. பார்வைக்குப் பளிச்சுனு இருந்தா போதும்," என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். ஒழுகிய குழாயைச் சரிசெய்து, உடைந்த சுவிட்சுகளை மாற்றி, கூடத்துக்கு இளமஞ்சள் அடித்தாயிற்று. மிச்சம் இந்தக் கதவு.

பெயிண்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கு. உள்ளே ஒண்ணையும் காணோமே?"

"கழட்டிடுங்கண்ணா."

வேறென்ன சொல்வாள்? அம்மா கடைசி மூன்று வருஷம் நினைவு தப்பித் தெருத்தெருவாய் நடந்தாள். ஒருமுறை பஸ்ஸுக்கு அடியில் போகப் பார்த்தாள். பார்த்துக்கொள்ள வந்தவர்கள் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. இவளோ வேலைக்குப் போயாக வேண்டும். காலையில் சோறும் தண்ணீரும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாள். வேறு வழியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. ஒருநாள் வீடு திரும்பித் தள்ளியபோது கதவு கனத்தது. அம்மா அதில் சாய்ந்தபடியே சில்லிட்டுப் போயிருந்தாள்.

பெயிண்டர் தாழ்ப்பாளைக் கழற்றி, பின்னறை ஜன்னல் திட்டில் வைத்தார். திருகாணித் துளைகளை அடைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

தூளைப் பெருக்க அவள் உள்ளே போனாள். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடுகோடாய்க் கிடத்தியிருக்க, புதுப் பெயிண்டின் நெடிக்கு அடியிலிருந்து, எத்தனை முறை கழுவியும் போகாத ஏதோ ஒன்றைப்போல, அம்மாவின் மூட்டுவலித் தைல வாசனை மெல்ல மெல்ல எழுந்து வந்தது. துடைப்பம் நின்றது.

கதவு சாத்திக்கொண்டது. காற்றே இல்லை.

வெளியே இரும்பு இரும்பில் உரசியது. 'டக்'கென்று விழுந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கழற்றிய தாழ்ப்பாள் திட்டிலேயே கிடந்தது.

கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

"அம்மா, கிளம்பறேன். சமர்த்தா இரு. சாயங்காலம் வந்துடறேன்."

வெளியே கேட்டது அவள் குரல். அவசரத்தில் பாதி வார்த்தையை விழுங்கும், அவளுடைய அதே குரல்.

"ஏய்! நில்லு! நான் உள்ளே இருக்கேன்!"

இரண்டு கையாலும் அறைந்தாள். செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது. நிற்கவில்லை. ஒரு நாளும் நின்றதில்லை.

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எலும்பாய், சில்லென்று, ஒரு கை பின்னாலிருந்து அவள் தலையை வருடியது.

"அழாத கண்ணு," என்றது மூச்சில்லாத குரல். "நீ யாரு பெத்த பிள்ளையோ. எம் பொண்ணு சாயங்காலம் வந்துடுவா. வந்து ரெண்டு பேரையும் திறந்து விடுவா."