பச்சை வயர்

பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது. பச்சை நிற எர்த் வயரை மட்டும்தான் இன்பமணி திருகி முடித்திருந்தான். அதற்குள் ஸ்பீக்கர் இரைய ஆரம்பித்தது.

திருப்புளியைக் கையில் பிடித்தபடியே அவன் பிளக்கைப் பார்த்தான். மூன்று பித்தளைக் கால்களும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. மழை மூட்டத்தில் மூன்று மணிக்கே அறை இருண்டிருந்தது. உருகிய ஈயத்தின் நெடியும், ஜன்னல் வழியாக வந்த நனைந்த வேப்பிலை வாசமும், ஓட்டிலிருந்து வாளிக்குள் சொட்டும் தண்ணீரின் சத்தமும் ஒன்றாகக் கலந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், உதட்டை மூடிக்கொண்டு ஒருவன் சுதி பிடிப்பதைப் போல அந்த இரைச்சல்.

"மார்கரெட், ஏதாச்சும் இரையுத மாதிரி கேக்குதா?"

"மழைதான் இரையுது." அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நீங்க அந்த மேசைய விட்டு எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடுங்க. பெட்டி எங்கயும் ஓடிராது."

வயரைக் கழற்றினான். நின்றது. சேர்த்தான். இரைந்தது.

மேசையில் சார்ட் பேப்பர் விரிந்து கிடந்தது. பாளையங்கோட்டையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் இன்பமணி, நாலு வருஷமாகத் தானே செய்து சேர்த்த சிந்தசைசரின் பெட்டிகள் அதைச் சுற்றி இருந்தன. ஒரு பெட்டி சுரத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதைச் சீவிக் குறைக்கும், ஒன்று எப்போது எழும்பி எப்போது அடங்க வேண்டும் என்று சொல்லும். வயர்களை மாற்றி மாற்றிச் சொருகினால் புல்லாங்குழலும் வரும், கோயில் மணியும் வரும், காற்றும் வரும். வருகிற சனிக்கிழமை சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக் கச்சேரியில் மூன்று பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வயர் எங்கே என்று சார்ட்டில் ஒரு நிறத்தில் கோடு போட்டிருந்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குருவானவர் ஜெபம் பண்ணுவார். அதற்குள் பதினொரு வயர்களை மாற்றியாக வேண்டும். அதை நினைத்துப் போன வருஷம் பாடகன் தானியேல் சிரித்தது ஞாபகம் வந்தது. "அவரு ஜெபத்துக்குள்ள ஊரு முழுக்க வயரிங் பண்ணிரலாம் அண்ணாச்சி."

இந்த முறை எர்த்துக்காகக் கிணற்றடியில் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் இறக்கியிருந்தான். மண் காய்ந்துவிடக் கூடாது என்று தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். "பூவும் வச்சிருங்க, கல்லறை மாதிரியே இருக்கு" என்று மார்கரெட் ஒருநாள் சொன்னாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மழை நாளில் பெட்டியின் தகட்டில் கரண்ட் கசியும். பச்சை வயர் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால், மைக்கைப் பிடித்திருப்பவனின் உடம்பு வழியாகப் போகும்.

இது அவனுக்குப் போன வருஷமும் தெரியும்.

தெரிந்துதான் செய்தான். மேடையில் முதல் பாட்டுக்கே இரைச்சல் எழுந்தது. எத்தனை வயரை ஆட்டிப் பார்த்தும் அடங்கவில்லை. "ஏலே, தேன்கூட்டக் கலைச்சு விட்டுட்டானுவளா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்த, பந்தலே சிரித்தது. முன்வரிசையில் குருவானவரும் சிரித்தார். இன்பமணிக்குக் காது மடல் சுட்டது. தானியேல் குனிந்து, "இரையுது அண்ணாச்சி" என்றான். குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. இன்பமணி மேசைக்கு அடியில் கையை விட்டுப் பச்சை வயரை வெட்டினான். இரைச்சல் செத்தது. தானியேல் அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

கோயில் மேடை என்பதால் தானியேல் செருப்பைக் கழற்றியிருந்தான். புழுதி அடங்க ஆற்றுமணல் பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் தூறல் விழுந்தது. பாடிக்கொண்டிருந்த தானியேலின் கைகள் மைக்கோடு ஒட்டிக்கொண்டன.

எல்லோரும் தானியேலைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இன்பமணி மட்டும் ஓடவில்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வெட்டிய வயரைத் திரும்ப முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். லைனில் வோல்டேஜ் ஏறிவிட்டது என்றார்கள், மின்னல் என்றார்கள். அடக்கத்தன்று தானியேலின் அம்மா இன்பமணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதானே ராசா எம்புள்ளைய மைக்குலருந்து பிரிச்சு எடுத்தது." அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒற்றிக்கொள்ள விட்டான்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது.

"மதினி, இருக்கியளா?"

தானியேலின் தங்கை ஜாய்சி. இந்த வருஷம் அண்ணன் பாட வேண்டிய இடத்தில் பாடப்போகிறவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள்.

"ஏட்டி, இந்த மழையிலயா வந்த? பைய வா, ஒழுகின தண்ணிய இப்பத்தான் தொடச்சேன், தரை ஈரம்" என்றாள் மார்கரெட். "காப்பி போடுதேன் இரு."

"சனிக்கிழமைக்கு இன்னும் மூணே நாளு மதினி. அண்ணாச்சி என்னய மறந்துட்டாவ போல."

"இன்னைக்கு வேண்டாம் பிள்ளே" என்றான் இன்பமணி. "மழையா இருக்கு."

"அன்னைக்கும் வேண்டாம்னிய. என் குரலு பிடிக்கலன்னா நேரே சொல்லிருங்க, அழமாட்டேன்." சிரித்தாள். தானியேலுக்கு இருந்த அதே தெற்றுப்பல். "அம்மா சொல்லிவிட்டிச்சு. இன்பமணி வாசிச்சா கண்ண மூடிக்கிட்டுப் பாடு, அவன் ஒனக்கு இன்னொரு அண்ணன்னு."

அவன் மேசைப் பக்கம் திரும்பினான். பச்சை வயர் குழாயோடு சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. பிளக்கைச் சொருகினான். ஸ்விட்சைப் போட்டான். மைக்கை அவளிடம் கொடுத்தான்.

இரைச்சல் எழுந்தது. முன்னைவிடப் பருமனாக.

"அண்ணாச்சி," என்றாள் ஜாய்சி, "இரையுது."

மார்கரெட்டுக்குக் கேட்காதது இவளுக்குக் கேட்டது.  சுரப்பெட்டியை அணைத்தான். இரைந்தது. மற்ற பெட்டிகளின் வயர்களை ஒவ்வொன்றாக உருவினான். மேசை நிறைய வயர்கள் செத்த பாம்புகளாகக் கிடந்தன. இரைந்தது. அது பெட்டியிலிருந்து வரவில்லை என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. கிணற்றடியிலிருந்து வந்தது. ஊற ஊறத் தண்ணீர் ஊற்றிய குழியிலிருந்து, குழாய் வழியாக, பச்சை வயர் வழியாக ஏறி வந்தது. மூடியிருந்த உதடுகள் மெல்லப் பிரிவதைப் போல இரைச்சல் இடையிடையே விட்டு வந்தது.

"நிக்கல அண்ணாச்சி. கூட்டத்துல சிரிப்பாவளே."

"சிரிக்கட்டும்."

"போன வருஷமும் சிரிச்சாவளாம். பெறவு நீங்க சரி பண்ணிட்டியளாம். அண்ணன் வெரலத் தூக்கிக் காட்டுச்சுன்னு சொன்னாவ." அவள் ஸ்பீக்கரிடம் குனிந்தாள். "என்ன பண்ணி நிப்பாட்டுனிய?"

இதுதான் சமயம். சொல்லிவிடலாம். வயரை வெட்டினேன் பிள்ளே, நாலு பேர் சிரித்தது பொறுக்காமல் வெட்டினேன். ஒரே வாக்கியம். ஒரு வருஷமாக நாக்கின் கீழே கிடந்து புளித்துப்போன வாக்கியம்.

"ஜாய்சி… அன்னைக்கு…"

மார்கரெட் காப்பியோடு வந்தாள். "என்னங்க, முகம் வெளுத்துக் கிடக்கு? பாத்தியாட்டி, ஒங்க அண்ணன் பேச்செடுத்தாலே இவுக இப்படித்தான். கூடப் பொறந்தவுககூட இப்படி உருகமாட்டாவ."

"தெரியும் மதினி. அதான் அம்மா ராத்திரி ஜெபத்துல மொதப் பேரா இவுக பேரச் சொல்லுது."

வாக்கியம் உள்ளே போய்விட்டது. வெட்கம் அதன்மேல் மூடிக்கொண்டது.

மார்கரெட் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜாய்சி இப்போது காதை ஸ்பீக்கரின் வலையில் வைத்திருந்தாள். மைக் இடக்கையில் தொங்கியது.

"இது இரைச்சல் இல்ல" என்றாள்.

"என்னது?"

"ஆளு பேசுத மாதிரி இருக்கு. தொண்டைக்குள்ள மண்ணு கெடக்குத மாதிரி." கண்களை மூடினாள். "அண்ணாச்சி, இங்கன வந்து கேளுங்களேன். எங்க அண்ணன் மாதிரி…"

அவனுக்கு அங்கே போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டது.

"ஏதோ கேக்கு. திரும்பத் திரும்ப ஒண்ணையே கேக்கு." அவள் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தன. "வயரு… வயரு எங்கன்னு… யாரு வெ…"

வெட்டும் குறடு மேசையில் இருந்தது.

பிறகு கையில் இருந்தது.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

இரைச்சல் நின்றது. அறை முழுவதும் சுத்தமான அமைதி. வாளிக்குள் சொட்டு விழுவது கேட்டது.

ஜாய்சி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. "ஐ! நின்னுட்டு. அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்." அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பிறகு இரண்டு கைகளாலும் மைக்கைப் பிடித்து வாயருகே கொண்டுபோனாள்.

கீழே அவள் பாதங்கள். ஈரத்தரை.

"போடு! கீழ போடு பிள்ளே!"

விரல்கள் இறுகின. நகங்கள் வெளுத்தன. சிரிப்பு அப்படியே நின்றது.

இன்பமணி பாய்ந்தான். அவளிடம் அல்ல. மெயின் ஸ்விட்சுக்கு. இழுத்து இறக்கினான். தலைக்குமேல் மின்விசிறி ஓய்ந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. "என்னங்க, கரண்ட் போயிட்டா?" என்றாள் மார்கரெட் உள்ளேயிருந்து.

ஜாய்சி விழவில்லை.

இருட்டில் நின்றாள். மைக்கில் ஒட்டிய கைகள். திறந்த வாய். அசையாத உதடுகள்.

செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து பாட்டு ஆரம்பித்தது. துளி இரைச்சல் இல்லை. அவளுடைய குரல் தெளிவாக. அதை ஒட்டி, ஒரு ஸ்தாயி கீழே, ஆண் குரல் ஒன்று.

"எவ்வளவு நல்லாப் பாடுதா!" என்றாள் மார்கரெட்.