திருப்பி வைத்த விதை மூட்டைகள்

ஒட்டிலி டெஷ் மூச்சிரைக்க வந்து நின்றபோது, நீதிபதி கஸ்பர் லிண்டௌ குதிரையின் லாடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விஸ்கான்சினில் அந்தச் சிற்றூரின் சில்லறை வழக்குகளைத் தீர்த்துவைப்பவர் அவர்தான். அவருடைய மச்சினன் கொன்ராட், தன் பீர்க்கடையைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று வம்பளந்துகொண்டிருந்தான்.

“தம்பி, எம்மவனை ஷெரீப் சாயங்கால ரயில்ல கூட்டிட்டுப் போகப் போறாரு,” என்றாள் ஒட்டிலி. “அப்பனை அடிச்சுக் கொன்னுட்டானாம். இவனோ வாயே தொறக்க மாட்டேங்கிறான். வாபன் ஜெயில்ல ஆயுசு பூரா கெடப்பான். நீதான் வந்து பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை கொன்ராடின் கடையில்தான் யோகிம் டெஷ்ஷும் மகன் பெர்டினான்டும் மோதிக்கொண்டார்கள். வருஷா வருஷம் கோதுமையைப் பூச்சி தின்கிறது, பால்மாடு வாங்குவோம் என்றான் மகன். ஜெர்மனியில் பொமரேனியாவிலிருந்து கப்பலேறி வந்து, காட்டை வெட்டிக் கோதுமை போட்ட மண் இது என்றார் அப்பா. “நீங்க செத்தாத்தான் இங்க மாடு பெருகும்” என்று மகன் கத்தினான். நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில், ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர், தானியக் கொட்டகையில் யோகிம் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். காலையில் ஷெரீப் விசாரித்தபோது, அந்தச் சண்டையை வரி பிசகாமல் ஒப்பித்தவன் கொன்ராட்தான். இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

“நானும் வர்றேன் அத்தான்,” என்றான்.

“வா மாப்ளே. ஆனா வாயைக் கடையிலயே வெச்சிட்டு வா.”

டெஷ் பண்ணையில் தானியக் கொட்டகை, மாட்டுக்கொட்டில், வீட்டு அடுக்களை மூன்றும் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தன. பெர்டினான்ட் கையில் விலங்கோடு அடுக்களைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நேத்து பால் கறந்தேன், வீட்டுக்கு வந்தேன், ஒன்றும் தெரியாது. அவன் சொன்னது அவ்வளவுதான்.

ஷெரீப் டைசன் கொட்டகையைத் திறந்து காட்டினார். “மண்டை உடைஞ்சிருக்கு. மூட்டையெல்லாம் கவிழ்ந்து கெடக்கு. அப்பன் ஒளிச்சு வெச்ச பணத்தைத் தேடியிருக்கான்.”

பரணுக்குப் போகும் ஏணியில் ஒரு படி ஒடிந்திருந்தது. அதைக் கஸ்பர் நகத்தால் சுரண்டினார். உள்ளே உளுத்துப்போன மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழே ஒரு மரச்செருப்பு. அதன் ஜோடி கதவோரம் கிடந்தது. இடையில் தரையிலிருந்த உமி, எதையோ இழுத்த மாதிரி விலகியிருந்தது.

“செத்தவர் எங்க கெடந்தார்?”

“கதவுகிட்ட. கண்ணு மூடியிருந்துச்சு, தலையில தொப்பி ஒழுங்கா இருந்துச்சுன்னு பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னாரு.”

கொன்ராட் மூலையில் இருந்த மூட்டைகளிடம் போனான். விதைக் கோதுமை மூட்டைகள் அத்தனையும் கட்டிய வாய் கீழே இருக்கும்படி நின்றன. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. பக்கத்திலிருந்த ஓட்ஸ் மூட்டைகளை யாரும் தொட்டிருக்கவில்லை.

“பணம் தேடினவன் ஓட்ஸை ஏன் விட்டான் அத்தான்?”

“நல்லாக் கேட்டே. இப்ப நீ மாட்டுக்கொட்டிலுக்குப் போய் நில்லு.”

கொன்ராட் போய் நின்ற கொஞ்ச நேரத்தில், கொட்டகைக் கதவோரத்திலிருந்து அத்தானின் குரல் தெளிவாகக் கேட்டது: “மாப்ளே, உன் கடை பீர்ல பாதி கிணத்துத் தண்ணி.”

அவன் முறைத்துக்கொண்டே திரும்பி வந்தான். “என்ன அத்தான், ஷெரீப்பை வெச்சுக்கிட்டு இப்படிக் கத்துறீங்க?”

“கத்தவே இல்லையே,” என்றார் கஸ்பர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எல்லோரும் அடுக்களையில் கூடினார்கள். கஸ்பர் பெர்டினான்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பொமரேனியாவுல வீட்டுப் பெரியவர் செத்தா உடனே விதையைத் திருப்பி வைப்போம். இல்லேன்னா அவரோட விதையும் செத்துப்போகும், முளைக்காது. ஷெரீப்புக்கு இது தெரியாது. நம்ம மாப்ள மில்வாக்கில பொறந்தவன், அவனுக்கும் தெரியாது. மூட்டையைத் திருப்பினவனுக்கு மத்தவங்களுக்கு முன்னாலயே சாவு தெரிஞ்சிருக்கு. ஒட்டிலி அக்காவால அந்த மூட்டையை அசைக்க முடியாது. நீதான் திருப்பியிருக்கே.”

“அப்ப நான் சொன்னது சரிதானே?” என்றார் ஷெரீப்.

“பொறுங்க. கோதுமை வேணாம்னு அப்பனைக் கொன்னவன், அதே கோதுமை முளைக்கணும்னு மூட்டையைத் திருப்புவானா? கண்ணை மூடித் தொப்பியைச் சரி பண்ணுவானா? ஏணிப்படி உளுத்து ஒடிஞ்சிருக்கு. விழுந்திருக்காரு, மண்டையில அடிபட்டிருக்கு. உடனே சாகல, கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்காரு. கொல்ல வந்தவன் பக்கத்துல இருந்தா ஊர விட்டிருப்பானா?”

“அப்புறம் இவன் ஏன் வாயைத் தொறக்கல?”

கஸ்பர் சற்றுத் தயங்கினார். சொல்ல அவருக்கே மனசில்லை. “கதவுகிட்ட வந்து கூப்பிட்டிருக்காரு. அங்க பேசினா கொட்டில்ல நல்லாவே கேக்குது. இவன் காதுல விழுந்திருக்கு.”

பெர்டினான்ட் விலங்கு மாட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். “கூப்பிட்டாரு. மறுபடியும் கோதுமைப் பஞ்சாயத்துன்னு நெனச்சேன். கூப்பிடட்டும்னு அடுத்த மாட்டையும் கறந்தேன். சத்தம் நின்னுபோச்சு. கோவம் ஆறிடுச்சுன்னு நெனச்சேன்... போய்ப் பாத்தா, உசிரு இல்ல. கொலைகாரன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். இதை அம்மா முன்னால எப்படிச் சொல்லுவேன்?”

ஷெரீப் விலங்கைக் கழற்றிவிட்டு வெளியே போனார். பெர்டினான்ட் எழுந்திருக்கவில்லை. விடுதலையான ஒருத்தன் இப்படி உட்கார்ந்து கொன்ராட் பார்த்ததே இல்லை.

அடுப்போரம் நின்ற ஒட்டிலி வந்து மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் கேட்டேன்டா.”

அவன் திரும்பினான்.

“இங்கதான் நின்னேன். பெர்டினான்ட், பெர்டினான்ட்னு அவர் கூப்பிட்டது கேட்டுச்சு. வெளிய சொன்னா உன்மேல பழி உறுதியாயிடும்னு முழுங்கிட்டேன்.”

“கேட்டும் ஏம்மா போகல?”

“எதுக்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாரு. நேத்துதான் உன்னைக் கூப்பிட்டாரு. அப்பனும் மவனும் ராசியாகப் போறாங்க, நடுவுல நான் எதுக்குன்னு நின்னுட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுடா. மூணு பேருக்கும் காபி வெச்சேன்.”

பெர்டினான்ட் அப்போதுதான் அழுதான்.