சந்தேகத்துக்கு ஒரு மதிப்பெண்

காலை பத்து மணிக்கு நிறைமதியின் திரையில் வந்த செய்தி அவளுடைய சொந்த ஊரைப் பற்றியது. ‘தாழைக்குளம் ஏரிக்கரை உடைந்தது. தெருக்களில் வெள்ளம்.’ கூடவே ஒரு படம்: பாதி முழுகிய பேருந்து நிறுத்தம், தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெரியவர்.

“எங்க ஊரையே போட்டுட்டானுவளா!” என்று சிரித்தபடி ‘போலி’யை அழுத்தினாள்.

பொய்ச்செய்தி செய்யும் இயந்திரங்களை வேறு எந்த இயந்திரத்தாலும் பிடிக்க முடியாமல் போய் ஆறு வருடமாகிறது. ஒரு பொய்யால் மூன்று ஊர்கள் எரிந்த பிறகு அரசு செய்திச் சல்லடையைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் சலிக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியும் மூன்று பேரிடம் போகும். இரண்டு பேர் போலி என்றால் அது யாருடைய கைபேசிக்கும் போகாது, வெள்ள எச்சரிக்கையானாலும் சரி. பொய்யை நம்பிய மாணவருக்கு ஐந்து மதிப்பெண் கழியும். மெய்யைச் சந்தேகித்தவருக்கு ஒன்றே ஒன்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இந்த நாடு அடுப்பையே இடித்துப் போட்டுவிட்டது.

சலிப்பதில் நிறைமதிதான் முதலிடம். அவள் கைப்பட எழுதிய குறிப்புகளை விடுதி முழுக்க ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். சொந்த ஊர், தெரிந்த முகம், அழுகை, அவசரம், ‘எல்லோருக்கும் சொல்லுங்கள்’ என்ற கெஞ்சல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் யோசிக்காதே, போலி.

பத்து இருபதுக்கு அப்பாவின் அழைப்பு வந்தது.

“ஏட்டி, குளம் ஒடஞ்சிட்டு! பள்ளிக்கூட மாடியில நிக்கேன். ஒரு போன்லயும் எச்சரிக்கை வரல. கீழூருக்குத் தண்ணி போய்க்கிட்டு இருக்கு, யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் சொல்லுட்டி!”

குரலைத் திருடுவது சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்ட காலம். நிறைமதி பதறவில்லை. “நம்ம வீட்டு அடையாளச் சொல் என்ன?” என்று கேட்டாள்.

“அது... மறந்து போச்சேம்மா. ஒங்கம்மைக்குத்தான் தெரியும். அவ கீழூருக்குல்லா போயிருக்கா.”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். அடுத்த செய்தியைப் போலி என்றாள். அதற்கடுத்ததில் விரல் நின்றுவிட்டது. திருட்டுக் குரல் எதையாவது துணிந்து சொல்லும். மறந்து போச்சு என்று எந்த இயந்திரமும் சொன்னதில்லை. அப்பாதான் எல்லாவற்றையும் மறப்பார்.

திரும்ப அழைத்தாள். அப்பாவின் எண் கிடைக்கவில்லை. அம்மாவின் எண்ணும் கிடைக்கவில்லை. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று வராந்தாவுக்கு ஓடினாள். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“நான் நிறைமதி பேசுறேன். தாழைக்குளம் ஒடஞ்சது நெசம். கீழூர்க்காரங்க இப்பவே மேட்டுக்கு ஏறுங்க. எங்கம்மா அங்க இருக்கா. தயவுசெஞ்சு எல்லாருக்கும் சொல்லுங்க!”

ஊருக்கு ஒன்றைச் சொல்ல சல்லடை ஒன்றுதான் வழி. அழுகையை அடக்க முடியாமல் அனுப்பினாள்.

உள்ளே, செய்தி சலிக்கும் கூடத்தின் கடைசி மேசையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஜெபமலரின் திரையில் அந்தக் காணொளி விழுந்தது. ஏற்கெனவே ஒருவர் போலி என்றும் இன்னொருவர் மெய் என்றும் சொல்லியிருந்தார்கள். முடிவு அவள் கையில். திரையில் அவளுடைய அறைத்தோழி நிறைமதியின் முகம். விரல் ‘மெய்’ பக்கம் போனது.

பிறகு மேசையில் இருந்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்தாள். நிறைமதியின் குண்டு குண்டான கையெழுத்து. தெரிந்த முகம், அழுகை, அவசரம், கெஞ்சல். மூன்று போதும் என்றிருந்த இடத்தில் நான்கு.

“எவ்வளவு தத்ரூபமா செய்யுறானுவ, பாவிப்பயலுவ” என்று முணுமுணுத்து, ‘போலி’யை அழுத்தினாள்.

மனசு கேட்காமல் ஹெட்போனைக் கழற்றினாள். வராந்தாவில் யாரோ ஏங்கி ஏங்கி அழும் சத்தம் கேட்டது. மதிப்பெண் போயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்தியைத் திறந்தாள்.