மூன்று மூலை விண்மீன்

"கண்ணாடிய மூணு கவ்வி புடிச்சிட்டிருக்கும் பாருங்க, அதைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க. ரொம்ப இறுக்குனா கண்ணாடி வளைஞ்சிரும். அப்புறம் நட்சத்திரம் உருண்டையா வராது, மூணு மூலையாத்தான் வரும்."

இதைச் சொல்லிச் சொல்லித் துளசிமணிக்கு நாக்கு தேய்ந்துபோயிருந்தது. கோவையில் 'வான்துணை' நிறுவனத்தின் பழுதுகேட்பு மேசையில் அவளுக்கு இது பதினோராவது வருடம். அவளுடைய குரல் தெரியாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஏனென்றால் ஆடித் தொலைநோக்கி இல்லாத மொட்டைமாடியும் குறைவு. அடியில் குழிந்த கண்ணாடி, மேலே கேமரா, பக்கத்தில் முன்னொளி விளக்கு. வாட்டர் டேங்குக்கு அருகில் ஒரு குழாய் இப்படி நிற்காவிட்டால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

எல்லாம் முன்னொளி செய்த வேலை. விண்வெளியில் எங்கெங்கோ மடிப்புகள் இருக்கின்றன என்றும், அந்த மடிப்பின் வழியே குறுக்கே போகும் ஒளி ஒன்று உண்டு என்றும் கண்டுபிடித்தார்கள். சாதாரண ஒளி பல வருடம் நடக்கிற தூரத்தை அது கண் சிமிட்டும் நேரத்தில் போய்த் திரும்பிவிடும். ஒரு வீட்டின் முன்னொளி எதற்கும் போதாது. லட்சக்கணக்கான மாடிகள் சேர்ந்து அடித்தால், இருட்டறையில் டார்ச் அடித்தது போல மடிப்புக்கு அந்தப் பக்கம் ஆம்பல் என்ற கோள் தெரியும். பச்சைக் கடல், அதன் மேல் தாமரை இலை போல மிதந்து திரியும் உயிர்கள். வெளிச்சம் பட்டதும் அந்த இலைகள் ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வந்து, முழுக்க வெள்ளையாகி, அசையாமல் நின்றுவிடும். மக்கள் இதைப் 'பூப்பது' என்றார்கள். சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக மாடியேறிப் பூப்பதைப் பார்த்துக் கைதட்டினார்கள். சீரியல் எடுத்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். பூத்த இலை மறுபடி பச்சையானதை யாரும் பார்த்ததில்லை. மறுநாள் வேறு இலைகள் மிதந்து வரும், அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் பிடித்தது சனியன். ஆம்பலைச் சுற்றியுள்ள விண்மீன்கள் எல்லோருடைய படத்திலும் கோணலாக வருகின்றன.

"கவ்வியெல்லாம் தளர்த்தியாச்சுங்க அம்மிணி," என்றார் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் பொன்னுச்சாமி. நாலு நாளாகத் தினமும் கூப்பிடுகிறவர். "நேத்து நீங்க சொன்னாப்ல கண்ணாடியக் கழட்டிக் கால் சுத்து திருப்பியும் வெச்சுட்டேன்."

"அப்ப அந்த மூலைகளும் கூடவே திரும்பியிருக்கணுமேங்க. தப்பு கண்ணாடியில இருந்தா அதோட சேந்து திரும்பும்."

"திரும்பலீங்களே. அதே மூணு மூலை, அதே பக்கம் பாத்துட்டு நிக்குது. கேமராவத் திருப்புனேன். குழாயையே ஸ்டாண்டோட தூக்கித் திருப்புனேன். அது அசையவே மாட்டேங்குது. எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

பார்த்துச் சொல்வதாகச் சொல்லித் துளசிமணி அழைப்பைத் துண்டித்தாள். அவளுக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அவள் நேராக அலுவலக மாடிக்குப் போனாள். சோதனைக்கென்று அங்கே மூன்று தொலைநோக்கிகள் உண்டு; மூன்றும் வேறு வேறு நிறுவனத்தார் செய்தவை. தப்பு கண்ணாடியில் என்றால் மூன்றிலும் ஒரே தப்பு வர வழியில்லை. கண்ணாடி சூடு ஆறாமல் இருந்தால் விண்மீன் பொங்கித் தெரியும். காற்று ஆட்டினால் நீளும். கண்ணாடியின் முகம் கோணினால் வால் முளைக்கும். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்றிலும் வானத்தின் மற்ற மூலைகளைப் பார்த்தாள். கடுகு மாதிரி உருண்டை விண்மீன்கள். ஆம்பல் பக்கம் திருப்பினாள். மூன்றிலும் அதே மூன்று மூலை.

தப்பு கீழே இல்லை. மேலே, மடிப்பின் அந்தப் பக்கத்தில் இருந்தது.

கீழே வந்து அந்த வாரத்துப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். முதலில் வெறும் மூன்று மூலை. அடுத்து கிழக்கே ஒரு வால். வால் நீண்டது. பிறகு சட்டென்று சுருங்கி மேற்கே முளைத்தது. மறுபடி கிழக்கே, ஆனால் முன்னைவிடக் குட்டையாக. இதை அவள் கண்ணால் பார்த்ததில்லையே தவிர, ஆயிரம் முறை காதால் கேட்டிருக்கிறாள். புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர் முதல் தடவை கண்ணாடியைச் சரிசெய்வது இப்படித்தான். தப்பான திருகைத் திருகுவார், ஐயையோ என்று திருப்பித் திருகுவார், அளவு மீறிப் போவார், திரும்பக் கொஞ்சம் வருவார்.

யாரோ திருகிக்கொண்டிருந்தார்கள். விண்வெளியையே வளைத்துக் கண்ணாடி செய்து, அதன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் அருணகிரி அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பதற்கு நேரம் காலம் பார்க்க மாட்டார்.

"யாரோ திருகறாங்களா? அப்ப அவங்களுக்கும் நம்ம நம்பரக் குடுத்துருங்க துளசிம்மா. நீங்களே சொல்லிக் குடுங்க."

"சார், விளையாடாதீங்க. சரிபண்றதுக்கு ஒரு வெளிச்சப்புள்ளி வேணும். அதைப் பாத்துட்டேதான் திருக முடியும். அவங்க எதைப் பாத்துத் திருகறாங்க?"

"எதைப் பாத்து?"

"நம்ம முன்னொளியத்தான் சார். இங்கிருந்து அந்தப் பக்கம் போற வெளிச்சம் வேற என்ன இருக்குது? அதை நிறுத்துங்க. ஒரு வாரம் போதும்."

"நாளைக்கு விடுமுறை. ஊரே மாடியில உக்காந்திருக்குது. விளக்க நிறுத்துன்னு சொன்னா என்னைய நிறுத்திருவாங்க." அவர் எழுந்து போய்விட்டார்.

துளசிமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். சரிசெய்து முடித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? பார்ப்பார்கள். நாம் எப்படிப் பார்க்கிறோம்? வெளிச்சம் அடித்துப் பார்க்கிறோம். ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வருகிற இலைகள் அவள் கண்முன் வந்தன. மகள் நிவிதாவை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலம் அதை ரசித்திருக்கிறாள். அவை பூக்கவில்லை, அந்த வெளிச்சத்தில் வெந்து செத்தன என்பது இப்போதுதான் உறைத்தது. நிவிதா இந்த நேரம் சிங்காநல்லூர் அடுக்ககத்து மாடியில் அப்பாவோடு உட்கார்ந்திருப்பாள்.

எல்லா வீட்டுத் திரைக்கும் ஒரே சமயத்தில் பழுது அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் அவள் மேசைக்கு உண்டு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உண்மையைத்தான் முதலில் தட்டச்சு செய்தாள். படித்துப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? அருணகிரி சிரித்தது போல ஊரே சிரிக்கும். ஆனால் பழுது என்றால் கேட்பார்கள். பதினோரு வருடமாக அவள் சொல்வதைக் கேட்கிறவர்கள். எழுதியதை அழித்துவிட்டு ஒரே வரி போட்டாள்: 'விண்மீன் கோணல் நீங்க, முன்னொளியை உடனே அணைக்கவும்.'

சுவரில் இருந்த வரைபடம் இருண்டது. முதலில் ஈரோடு, பிறகு சேலம், பிறகு தெற்கே முழுவதும். முணுமுணுக்காமல் அணைத்தார்கள். அவள் வீட்டுக்குப் பேசினாள்.

"கண்ணு, நம்ம விளக்க அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சும்மா. எல்லா மாடியிலயும் அணைச்சிட்டாங்க. வானம் ஒரே கருப்பா இருக்கு."

திரையில் விண்மீனின் வால் கிழக்கும் மேற்குமாக அலைந்தது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை போல இருந்தது. துளசிமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தப்பித்தோம் என்று வாய்விட்டே சொன்னாள். இனி அருணகிரி வேலையைவிட்டுத் தூக்கினாலும் கவலையில்லை, உள்ளே போய்ச் சாப்பிடு கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள்.

வரைபடம் ஒளிர்ந்தது.

ஈரோடு, சேலம் என்று வரிசையாக இல்லை. எல்லா ஊரும் ஒரே நொடியில்.

"போட்டுட்டோம்மா," என்றாள் நிவிதா.

"யாரு போடச் சொன்னா? அணைக்கத்தான சொன்னேன்!"

"நீதானம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவ. அணைச்சிட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி போட்டுப் பாருங்கன்னு. இங்க எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு வந்து போட்டாங்க."

உண்மைதான். பதட்டத்தில் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்களை ஒரு நிமிடம் பொறுக்க வைப்பதற்காக அவளே கண்டுபிடித்த உபாயம் அது. இதுநாள் வரைக்கும் ஒவ்வொரு வீடும் தன் போக்கில் விளக்கைப் போட்டது; மின்மினிக் கூட்டம் போல அந்த ஒளி மினுங்கிக்கொண்டிருந்தது. இன்று எல்லோரும் ஒன்றாக அணைத்து, ஒன்றாகத் தண்ணீர் குடித்து, ஒன்றாகப் போட்டிருந்தார்கள். பூமியிலிருந்து இவ்வளவு பிரகாசமாக, இவ்வளவு நிலையாக ஒரு புள்ளி இதற்குமுன் எழுந்ததே இல்லை.

திரையில் வால் சுருங்கியது. மூலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. இந்த முறை அந்தக் கை அளவு மீறவில்லை, திரும்பி வரவும் இல்லை. நின்றது.

"அம்மா! சரியாயிருச்சும்மா! நட்சத்திரம் உருண்டையா வந்துருச்சு!" பின்னால் அவள் கணவன் சென்னியப்பன் பக்கத்து மாடிக்காரரிடம் எங்க வீட்டம்மா கைராசி அப்படி என்று பெருமையாகச் சொல்வதும் கேட்டது.

"கண்ணு, அப்பாவக் கூட்டிட்டுக் கீழ எறங்கு. உள்ள போய்க் கதவச் சாத்து. ஓடு."

"கொஞ்சம் இரும்மா," என்றாள் நிவிதா. "மேலேருந்து என்னமோ வெளிச்சம் வருது. எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டிருக்கோம்."