செஃப் ஞானதிரவியத்தின் வெறும் வயிறு

மணி அடித்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாய்கள் திறந்தன.

'நீலவேணி' கப்பலின் ஏழாம் தளத்து விருந்துக்கூடத்தில் ஒரு வாய்க்கு ஒரு மணி என்பது சட்டம். மேடையில் செஃப் ஞானதிரவியம் கரண்டியை வாயில் வைப்பார். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அதே பதார்த்தத்தை அதே நொடியில் வாயில் போடுவார்கள். மெல்லுவது அவரவர் பல். ருசிப்பது ஞானதிரவியத்தின் நாக்கு. அவர் நாக்கடியில் அரிசித்தாள் கனத்தில் ஓர் ஏடு ஒட்டியிருக்கும், அதற்குத் தாயொட்டி என்று பெயர். விருந்தினர் நாக்கடியில் இருப்பவை சேயொட்டிகள். மேடைக்குப் பின்னால் பீரோ அளவில் நிற்கும் சுவைபரப்பி என்ற இயந்திரம், தாயின் ருசியை வாங்கிச் சேய்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். நம்மைப் போன்றவர்களுக்குக் குழம்பில் உப்பு, புளி, காரம் தெரிந்தால் பெரிது. ஞானதிரவியத்தின் நாக்குக்கு, சீரகம் கால் நிமிடம் கூடுதலாக வறுபட்டிருந்தாலும் தெரிந்துவிடும். அந்த நாக்கோடு ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கத்தான் உலகத்துப் பணக்காரர்கள் ஆறு மாதம் முன்னதாகவே கப்பலில் இடம் பிடித்தார்கள்.

அதெல்லாம் ஒரு காலம். அன்று மதியம் குங்குமப்பூ போட்டு வேகவைத்த சிங்கி இறாலை வாயில் வைத்தபோது, ஞானதிரவியத்துக்குப் பஞ்சை மெல்லுவது போலிருந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேரும் அந்தப் பஞ்சையே மென்றார்கள். பந்தி முடிந்து விருந்தினர் மேசைப் பொத்தானை அழுத்தியபோது சுவைமதிப்பு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று பலகையில் எரிந்தது. போன மாதம் எழுபது, போன வாரம் அறுபத்திரண்டு.

விருந்துப் பிரிவு இயக்குநர் லோகநாயகம் மேடைக்குப் பின்னால் காத்திருந்தார். சென்னைக்காரர். கெட்ட சேதி சொல்லும்போது கூடுதல் மரியாதையாகப் பேசுவது அவர் வழக்கம்.

"சார், இன்னிக்கு ராத்திரி பந்தியும் நாளைக் காலைப் பந்தியும் கேன்சல் பண்ணிட்டேன். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு மதியம் மட்டும் எண்பது வந்துடணும்."

"வரலைன்னா?"

"கொழும்புல உங்களை மரியாதையா இறக்கி விட்ருவோம் சார்."

"அப்போ வாசல்ல இருக்க போர்டு? யார் பேரைப் போடுவீங்க?"

"உங்க பேருதான். நாலு வருஷம் முன்னாடி பதிவு பண்ணின உங்க நாக்கு எங்ககிட்ட பத்திரமா இருக்கே. அதை வச்சு ஓட்டிப்போம். ஒப்பந்தப்படி பேரும் கப்பலுக்குத்தான். வெளியில நீங்க அதைப் போட்டுக்க முடியாது."

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒற்றை அடுப்போடு ஆரம்பித்து ஞானதிரவியம் முப்பது வருஷம் சம்பாதித்த பேர் அது. வேறொருவன் வந்து தட்டிப் பறித்தால் சண்டை போடலாம். தன் பழைய நாக்கே வந்து தன்னை வெளியே தள்ளுகிறதென்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கப்பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நாக்கு பச்சைப்பிள்ளை நாக்கு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அது இன்னும் பெரிய இடி. நோய் என்றால் மருந்து உண்டு. நோயே இல்லாமல் செத்துப்போன நாக்கை என்ன செய்வது? ஒரு நாளைக்கு மூன்று பந்தி, பந்திக்கு ஒன்பது பதார்த்தம், நான்கு வருஷமாக ஒரு வேளை தவறாமல் உழைத்த நாக்கு, மாடு படுத்துக்கொண்டது போலப் படுத்துக்கொண்டது என்று அவர் நினைத்தார். அன்று இரவு அறைக்கு வந்த சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனவர், காப்பிகூடக் குடிக்கவில்லை. மசாலாவைத் தானே இடித்தார். இறாலைத் தானே உரித்தார். உதவிக்கு நின்றவர்களை எல்லாம் விரட்டினார். பன்னிரண்டு மணிக்குச் சுவைபரப்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பொற்கொடி ஓடி வந்தாள். கோவில்பட்டிக்காரி, கப்பலில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும் இரண்டு பேரில் ஒருத்தி.

"வாயைத் திறங்க அண்ணாச்சி. ஒட்டி எச்சில்ல ஊறவே அரைமணி ஆகும்." தாயொட்டியை அவளே அவர் நாக்கடியில் வைத்து அழுத்தினாள். "பன்னிரண்டரைக்கு எல்லாரையும் இணைச்சு இசைவு பாப்பேன். ஒரு மணிக்கு மேடைக்கு வந்துருங்க. அதுவரைக்கும் ஒண்ணும் வாயில போட்டுறாதீங்க."

அவர் தலையாட்டினார். காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

சமையல் முடிந்து கையைக் கழுவும்போது மணி பன்னிரண்டே முக்கால். கை நடுங்கியது. பயம் என்று நினைத்துக்கொண்டார். கால் தன்னால் ஆறாம் தளத்துப் பணியாளர் அடுப்படிக்குப் போயிற்று. அடுப்படிக்காரன் தன் கையால் சமைத்த விருந்தைத் தின்னமாட்டான் என்பது ஊர் அறிந்த சங்கதி. ஆயிரம் பேருக்கு பிரியாணி தம் போட்டவனும், பந்தி விரிக்குமுன் ஒரு மூலையில் நின்றபடி மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தூக்குவான். கப்பலுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் ஞானதிரவியத்துக்கு விட்டுப்போயிருந்தது. மேடையில் ஒன்பது பதார்த்தம் காத்திருக்கும்போது மோர்ச்சோற்றுக்கு இடமேது?

"என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்றார் பணியாளர்களுக்குச் சமைக்கும் பிச்சைக்கனி. அண்ணாச்சி என்று கூப்பிடும் இன்னொருவர் இவர்தான். "ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க."

தட்டில் சோறு விழுந்தது. கட்டி மோர், கல் உப்பு. ஓரத்தில் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு. ஞானதிரவியம் நின்றபடியே பிசைந்து ஒரு வாய் போட்டார்.

அப்படியே நின்றுவிட்டார்.

மோரின் புளிப்பு நாக்கின் இரு ஓரத்திலும் சுருக்கென்று ஏறியது. கருவாடு நொறுங்கி, அதன் உப்பு சோற்றின் இனிப்போடு போய்ச் சேர்ந்தது. சோறு இனிக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டாம் வாய், மூன்றாம் வாய் என்று தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்வே" என்றார்.

கையைக் கழுவும்போதுதான் நாக்கடியில் ஏடு தட்டுப்பட்டது. இணைப்பு திறந்து கால்மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞானதிரவியத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கருவாடு ஊட்டியாயிற்று. நல்லவேளை, சைவப் பந்திக்கு வேறு கூடம், வேறு செஃப், அவர்கள் தப்பித்தார்கள்.

ஏழாம் தளத்தில் நடந்ததைப் பொற்கொடி பிறகு சொல்லித்தான் அவர் அறிந்தார். இணைப்பு திறந்த மறுநிமிடமே கூடத்தில் சலசலப்பாம். வயிற்றுக்குள் ஏதோ குடைகிறது என்று ஒருவர் எழுந்தாராம். கை நடுங்குகிறது என்று ஓர் அம்மாள் அழுதாராம். வரவேற்புப் பானகத்தில் விஷம் என்று புரளி கிளம்பி, டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நாலு பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாராம்: "பயப்படாதீங்க. இதுக்குப் பேரு பசி."

தினம் ஆறு வேளை தின்னும் கப்பல் அது. அங்கே அந்தச் சரக்கை யாரும் பார்த்ததில்லை. ருசியை மட்டும் கடத்தத்தான் சுவைபரப்பியைச் செய்தார்கள். ஆனால் நாக்கடி நரம்பு வயிற்றின் சேதியையும் சேர்த்தே சுமக்கிறது. நான்கு வருஷமாக ஞானதிரவியத்துக்குப் பசித்ததே இல்லையாதலால், அது யாருக்கும் தெரியவில்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து காய்ந்த வயிறு ஒன்று தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வயிற்றில் கூவியது. அதன்மேல் மோர்ச்சோறு போய் இறங்கியது. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லையாம். வாயில் ஒன்றுமே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தார்களாம்.

ஞானதிரவியம் மேடைக்குப் பின்னால் வந்தபோது பொற்கொடி சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போச்சு பிள்ள. எல்லாம் போச்சு. கொழும்புல எறங்கிக்கிடுதேன்."

"பலகையைப் பாருங்க அண்ணாச்சி."

தொண்ணூற்றேழு. மேடைப் பந்தி தொடங்கவேயில்லை. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதற்குள் விருந்தினர் தாங்களாகவே மேசைப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். ஞானதிரவியம் அங்கிருந்த பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். பேர் தப்பியது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. முதலில் அவர் வாயில் வந்தது வேறு.

"நாக்கு சாகல பிள்ள. நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் அதுக்குப் பசியே குடுக்கல." அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அதோடு போயிற்று. பசி ருசி அறியாது என்று பெரியவர்கள் சொன்னதென்னவோ சரிதான். திகட்டல் என்ன அறியும் என்று அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

லோகநாயகம் அன்று மாலையே புதுத் திட்டத்தோடு வந்தார். இந்தத் தடவை மரியாதையோடு சந்தோஷமும் இருந்தது.

"சார், பொற்கொடி எல்லாம் விளக்கிச் சொன்னாங்க. இனிமே ஒரே பந்திதான். முதல் நாள் மதியத்துலேர்ந்து நீங்க பச்சைத் தண்ணியோட இருந்துடுங்க. பசியை நீங்க பாத்துக்கோங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம். அடுத்த சீசனுக்கு இப்பவே கேக்கறாங்க."

"அதாவது, அவுக ஆறு வேளையும் தின்னுவாக. அவுகளுக்காக நான் பட்டினி கெடக்கணும்."

"கலைக்காக சார்."

ஞானதிரவியம் சிரித்தார். பேர் தப்பிய மனுஷனுக்குச் சிரிப்பு சுலபமாக வரும். "நான் உங்களுக்குக் குடுத்தது நாக்கு. வயித்தை எங்கயும் எழுதிக் குடுக்கல. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க."

லோகநாயகம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். நாற்பது பக்கத்தில் நாக்கு, பேர், முகம், கையெழுத்து எல்லாம் இருந்தன. வயிறு இல்லை.

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"அவுக பசியை அவுகளே பசிக்கட்டும். மெனுவை நான் எழுதித் தாரேன்."

மறுநாளைக்கான அட்டை இப்படி வந்தது. காலை: வெந்நீர். பதினோரு மணி: ஒன்றுமில்லை. மதியம் ஒரு மணி: சோறு, மோர், நெத்திலிக் கருவாடு. கீழே தங்க எழுத்தில், 'செஃப் ஞானதிரவியத்தின் வெறும் வயிறு'. சிங்கி இறால் விருந்தைவிட இரண்டு மடங்கு விலை போட்டார் லோகநாயகம். பத்து நிமிடத்தில் முழுக் கூடத்துக்கும் முன்பதிவு முடிந்துவிட்டது. ஒன்றும் தராததற்கு அவ்வளவா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வேளையைத் தாங்களே விட்டிருந்தால் அது இனாமாகவே கிடைத்திருக்கும் என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு விருந்தினர் எரிந்து விழுந்தார்கள். பதினோரு மணிக்கு வாயை மூடிக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கெல்லாம் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்நேரம் ஞானதிரவியம் ஆறாம் தளத்தில் பிச்சைக்கனி வார்த்த ஒன்பதாவது இட்டிலியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டிருந்தார். முந்தின இரவு நன்றாகத் தூங்கி, நன்றாகப் பசித்து, நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு சாவகாசமாகத் தாயொட்டியை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

கரண்டியைத் தூக்கினார். மணி அடித்தது. யாரும் நிமிரவில்லை.

மணிக்கு முன்னாலேயே பாதித் தட்டு காலி. பிசைகிற சத்தமும் உறிஞ்சுகிற சத்தமும்தான் கேட்டன. வாய்க்குள் இடைஞ்சலாக இருக்கிறதென்று சேயொட்டிகளைப் பிடுங்கித் தட்டு விளிம்பில் ஒட்டியிருந்தார்கள். அவரவர் நாக்கு அவரவர்க்குப் போதுமானதாக இருந்தது.

பொற்கொடி திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "மதிப்பெண் போடக்கூட யாருக்கும் கை ஒழியல அண்ணாச்சி. இணைப்புல ஒரே ஒரு ஆள்தான் இருக்காரு."

"யாரு அது?"

அவள் கண்ணைக் காட்டினாள். மூலை மேசையில் லோகநாயகம். ஊழியருக்கு விரதம் கிடையாது. அதிகாரிகள் உணவறையில் பூரியும் பொங்கலும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார். இருந்தாலும் ஊரே கொண்டாடும் அந்தப் பசியைத் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டாமா? நாக்கடியில் ஏட்டை ஒட்டி, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து காத்திருந்தார். செஃப் எப்படியும் பட்டினியோடுதான் மேடை ஏறுவார், சும்மா வாய்ப்பேச்சுக்குத்தான் மறுத்தார் என்று அவர் நம்பியிருந்தார்.

ஞானதிரவியம் கரண்டியைக் கீழே வைத்தார். ஒன்பது இட்டிலியும் இடம் பார்த்து உட்கார்ந்ததில், அடிவயிற்றிலிருந்து நிறைவாக ஒரு ஏப்பம் கிளம்பி வந்தது. மூலை மேசையில் லோகநாயகமும் அதே நொடியில் நீளமாக ஏப்பம் விட்டார். கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த மோர்ச்சோற்றைத் தொடாமலே தள்ளி வைத்தார்.